ஒரே ஒரு பெண்ணுக்காக முடியாது

அவையோருக்கு வணக்கம்.

1869-ஆம் ஆண்டு, சோஃபியா ஜெக்ஸ்-பிளேக் என்ற பெண் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க இடம் கேட்டார். ஒரே ஒரு பெண்ணுக்காக ஏற்பாடு செய்ய முடியாது என்று பதில் வந்தது. சரி, ஒருத்திக்கு முடியாதென்றால் பலராக வருகிறோம் என்று பத்திரிகை வழியாகத் துணை தேடினார். ஐவர் சேர்ந்தார்கள், அப்புறம் எழுவர் ஆனார்கள்.

அந்த எழுவரில் ஈடித் பீச்சியைப் பற்றித்தான் இன்று சொல்ல வந்தேன். ஓரளவு திறமையும் விடாமுயற்சியும் போதுமா என்று சோஃபியாவுக்குத் தயங்கித் தயங்கிக் கடிதம் எழுதியவர் அவர். 1870-இல் வேதியியல் தேர்வை முதன்முறை எழுதியவர்களில் அவரே முதலிடம். ஹோப் உதவித்தொகை அவருக்குத்தான் வந்திருக்க வேண்டும். அவருக்குக் கீழே இருந்த ஆண்களுக்குக் கொடுத்தார்கள். பெண்கள் தனியாகப் பாடம் கேட்டவர்கள், ஆகவே வகுப்பில் சேர்த்தி இல்லையாம். தனியாக உட்கார வைத்தது யார்? இதைப் படித்த அன்று எனக்கு மனம் ஆறவே இல்லை.

அதே ஆண்டு நவம்பர் 18. உடற்கூறியல் தேர்வு எழுத இந்தப் பெண்கள் சர்ஜன்ஸ் ஹாலுக்கு நடந்து வருகிறார்கள். நூற்றுக்கணக்கானோர் வழிமறித்துச் சேற்றை வாரி இறைத்தார்கள். முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். எப்படியோ உள்ளே போய் உட்கார்ந்தால், தேர்வு அறைக்குள் ஓர் ஆட்டைத் தள்ளிவிட்டார்கள். அது இங்கேயே இருக்கட்டும், அனுப்பியவர்களைவிட அதற்கு அறிவு அதிகம் என்றார் பாடம் நடத்திய ஹாண்டிசைட். சேறு படிந்த உடையோடு அவர்கள் தேர்வை எழுதி முடித்தார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பட்டம் கிடைக்கவில்லை. 1873-இல் நீதிமன்றமும் கைவிட்டது. பீச்சி சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பட்டம் பெற்று, 1877-இல் டப்ளினில் தேர்வெழுதி மருத்துவராகப் பதிவு பெற்றார்.

1883-இல் பம்பாய்க்கு வந்தார். அதன் பிறகு அங்கே ருக்மாபாய் என்ற பெண், பதினோரு வயதில் நடந்த திருமணத்தை ஏற்க மறுத்து நீதிமன்றத்தில் போராடினார். கணவனிடம் போ, இல்லையேல் சிறை என்று 1887-இல் தீர்ப்பு வந்தது. சிறைக்கே போகிறேன் என்றார் அந்தப் பெண். அவரை மருத்துவம் படிக்க லண்டனுக்கு அனுப்பிவைக்கத் துணைநின்றவர்களில் பீச்சியும் ஒருவர். ருக்மாபாய் போய்ச் சேர்ந்த பெண்கள் மருத்துவக் கல்லூரி, எடின்பரோ கதவடைத்த பிறகு சோஃபியா முன்னின்று 1874-இல் தொடங்கியது. ருக்மாபாய் 1894-இல் தேறினார். ஊர் திரும்பி, சூரத்தில் பெண்களுக்கு மருத்துவம் பார்க்கத் தொடங்கினார்.