தலைப்பாகையும் கம்பளிக் குல்லாவும்

(ராணுவ வீரர்களுக்குக் கம்பளிக் குல்லா பின்னும் தன்னார்வலர்கள் கூட்டத்தில் பேசியது. எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள், நினைவிலிருந்து எழுதியிருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற கர்னல் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியைச் சொல்லி முடித்துவிட்ட பேராசிரியர் அம்மா அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றி உண்மைக்குச் சற்று அதிகமாகவே சொன்ன செயலாளர் அவர்களே, மேடையில் நாற்காலி போதாமல் முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் புரவலர்களே, நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டே கை நிற்காமல் பின்னிக்கொண்டிருக்கும் பின்வரிசைச் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

கர்னல் அவர்களைப் பற்றித் தனியாக இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். நாம் பின்னிக் கொடுக்கும் ஒவ்வொரு மாதிரியையும் அவர் தன் தலையிலேயே மாட்டிப் பார்க்கிறார். “காது மூடவில்லை” என்று முகத்துக்கு நேராகச் சொல்லித் திருப்பித் தருகிறார். பாராட்ட நூறு பேர் கிடைப்பார்கள், காது மூடவில்லை என்று சொல்ல ஒருவர் கிடைப்பது அபூர்வம். அவருக்கு என் வணக்கம். தலைவர் அவர்களுக்கும் நன்றி. எனக்குப் பதினைந்து நிமிடம் என்று சொல்லியிருக்கிறார், அவர் மேஜையில் ஒரு மணியும் இருக்கிறது. அதையும் கவனித்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

இன்று மூன்று விஷயங்கள் சொல்லலாம் என்று வந்தேன். ஒன்று, வீரர்களுக்குப் பின்னிக் கொடுக்கும் பழக்கம் வந்த கதை. இரண்டு, எந்த நூலில் பின்னுவது. மூன்று, பின்னியதைத் துவைத்து, அளவு எழுதி, கட்டி அனுப்பும் முறை. நேரம் இருந்தால் நான்காவதாக ஒன்று.

“தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.” அதோ, என்னோடு நாலு கூட்டத்துக்கு வந்தவர்கள் இப்போதே சிரிக்கிறார்கள். எந்த மேடையானாலும் இந்தப் பழமொழியைச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை. குல்லா பின்னுகிறவர்கள் கூட்டத்திலும் சொல்லாவிட்டால் அப்புறம் வேறு எங்கே சொல்வது?

கிரிமியப் போர் உங்களுக்குத் தெரியும், ரஷ்யாவை எதிர்த்து பிரிட்டனும் கூட்டாளிகளும் கருங்கடல் ஓரம் போட்ட சண்டை. 1854. பிரிட்டன் படை பலக்லாவா துறைமுகத்தை ஒட்டி முகாம் போட்டிருந்தது. நவம்பர் 14ஆம் தேதி ஒரு பெரும்புயல். ‘பிரின்ஸ்’ என்ற கப்பல் துறைமுகத்துக்கு வெளியே மூழ்கியது. அதில் இருந்தது என்ன? வீரர்களுக்கு வந்த குளிர்கால உடைகள்! அங்கே பழமொழி தலைகீழாகிவிட்டது பாருங்கள். தலைப்பாகை முதலில் போயிற்று, தலைக்கு வந்தது அதற்குப் பிறகு. அந்தக் குளிர்காலத்தில் குண்டடிபட்டவர்களைவிட நோயிலும் குளிரிலும் விழுந்தவர்களே அதிகம். செய்தித்தாளில் படித்த மக்கள் கம்பளித் துணிகளைச் சேர்த்து அனுப்பினார்கள், வீட்டிலிருந்தபடி பின்னியும் அனுப்பினார்கள். தலை, காது, கழுத்து எல்லாம் மூடி, முகம் மட்டும் தெரிகிற குல்லாவுக்கு இன்று அந்தத் துறைமுகத்தின் பெயர்தான், பலக்லாவா. போர் நடந்தபோது யாரும் அப்படிச் சொல்லவில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அப்புறம் முதல் உலகப் போர். 1914இல் ராணி மேரி பிரிட்டன் பெண்களிடம் 3,00,000 ஜோடி காலுறையும் 3,00,000 கம்பளி இடுப்புப் பட்டையும் கேட்டார். அமெரிக்காவில் செஞ்சிலுவைச் சங்கம் ஊசி பிடிக்கத் தெரிந்தவர்களை எல்லாம் கூப்பிட்டது. 1918 கோடையில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் பின்னல் போட்டியே நடந்தது. 1941 நவம்பர் 24ஆம் தேதி ‘லைஃப்’ இதழின் அட்டையில் என்ன வந்தது தெரியுமா? பின்னுவது எப்படி என்பது! அமெரிக்காவை இரண்டாம் உலகப் போருக்குள் இழுத்த பேர்ல் ஹார்பர் குண்டுவீச்சுக்கு இன்னும் இரண்டே வாரம். 1962இல் இமயத்தில் போர் வந்தபோது இந்தியப் பெண்கள் ஜவான்களுக்கு ஸ்வெட்டர் பின்னியதைப் பேராசிரியர் அம்மா சொல்லிவிட்டார்கள். நான் தாண்டிப் போகிறேன்.

இரண்டாவது, நூல். இதை என் கதையாகவே சொல்லிவிடுகிறேன்.

நான் பின்னக் கற்றுக்கொண்டது 61ஆம் வயதில். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்தேன். என் மனைவி இந்தக் குழுவுக்கு வருவாள், நான் வாசலில் காத்திருப்பேன். ஒருநாள் குழுவை நடத்துகிற அம்மா வெளியே வந்து, “சார், காத்திருக்கிற நேரத்துக்கு நாலு வரிசை பின்னியிருக்கலாமே” என்றார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனாலும் அன்றிலிருந்து நான் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறேன்.

பத்தொன்பது நாள் பின்னினேன். கண்ணி நழுவும், பிரிப்பேன், மறுபடி ஏற்றுவேன். கடைசியில் ஒரு குல்லா வந்தது. நிறம்? நல்ல ஆரஞ்சு. பளபளவென்று, தொட்டால் வெண்ணெய் மாதிரி. உச்சியில் ஒரு குஞ்சம். குஞ்சம் செய்யவே ஒரு நாள் ஆயிற்று. அதைக் கொண்டுபோய் டீச்சர் முன்னால் வைத்துவிட்டு, பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கிய பையன் மாதிரி நின்றேன்.

டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. “போட்டுக்கொள்ளுங்கள்” என்றார். போட்டுக்கொண்டேன். உள்ளே போய் ஒரு அலுமினியச் சட்டியை எடுத்து வந்து என் தலையில் கவிழ்த்தார். “இதுதான் ஹெல்மெட். நடங்கள்.” நடந்தேன். குஞ்சத்தின் மேல் சட்டி பம்பரம் மாதிரி சுற்றுகிறது! இடது பக்கம் திரும்பினால் சட்டி வலது பக்கம் போகிறது. “ஓடுங்கள்” என்றார். இரண்டடி ஓடினேன், சட்டி கண்ணை மறைத்தது, கதவில் போய் முட்டிக்கொண்டேன். நாற்பது பெண்கள் ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். அதிகமாகச் சிரித்தது யார் என்று நான் சொல்ல மாட்டேன், அவளோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். “இந்த ஆரஞ்சைப் போட்டால் எதிரிக்குத் தந்தி கொடுத்த மாதிரி” என்று ஒரு பாட்டி வேறு சேர்த்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கட்டும் என்று டீச்சர் காத்திருந்தார். பிறகு என் குல்லாவிலிருந்து தொங்கிய நூல் நுனியை வெட்டி, இடுக்கியில் பிடித்து, ஒரு தட்டின் மேல் மெழுகுவத்தியில் காட்டினார். குப்பென்று பற்றியது. உருகியது. சொட்டியது. ஆறிய பிறகு தட்டில் கறுப்பாக ஒரு மணி, நகத்தால் கீறினாலும் உடையவில்லை. என் நூல் அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக் மாதிரி உருகுகிற செயற்கை இழை. அடுத்து ஒரு துண்டு சுத்தமான கம்பளி. அது சுருங்கியது, முடி கருகும் வாசனை வந்தது, நெருப்பை விட்டு எடுத்ததும் தானாக அணைந்தது. விரலில் தேய்த்தார், சாம்பலாக உதிர்ந்தது. “சார், அந்தக் கறுப்பு மணி ஒரு பையனின் காதில் ஒட்டினால் எப்படி எடுப்பது?” என்று மட்டும் கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போக வேண்டும். தலைப்பாகையே தலைக்கு வந்துவிட்டால்?

2006இல் ஈராக்கில் இருந்த அமெரிக்க மரைன் படையினர் முகாமுக்கு வெளியே பணிக்குப் போகும்போது பாலியஸ்டர், நைலான் உடைகளைப் போடக்கூடாது என்று தடை வந்தது. காரணம் இதேதான், தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஹெல்மெட்டுக்குள் போடும் குல்லா என்றால் நூறு சதவீதம் கம்பளி. கலப்பு வேண்டாம். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் சில்லென்று ஆகாது. நிறம் மங்கலாக இருக்கட்டும். குஞ்சம் கிடையாது, பித்தான் கிடையாது, புடைத்த தையலும் கிடையாது. ஹெல்மெட் அழுத்தும்போது ஒரு முடிச்சு கூட உச்சியில் ஆணி மாதிரி குத்தும். இன்னொன்று, உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறது என்று இங்கே ஒருவர் சொன்னார். அது சரியில்லை. உடம்பின் பரப்பில் தலையின் பங்கு சுமார் பத்து சதவீதம், போகிற சூடும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்காக ஊசியைக் கீழே வைத்துவிடாதீர்கள், உறைபனி முதலில் கடிப்பது காதையும் மூக்கையும் விரலையும்தான்.

மூன்றாவது விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன் அந்த ஆரஞ்சுக் குல்லா என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். என் பேரன் எடுத்துக்கொண்டான். ஒன்பது வயது. இரண்டு நாள் போட்டுக்கொண்டு திரிந்துவிட்டு, “தாத்தா, எனக்கும் சொல்லிக் கொடு” என்றான். பள்ளியில் கைவேலை வகுப்பு இருக்கிறதே, அங்கே சொல்லித் தர மாட்டார்களா என்று கேட்டேன். “அது பொம்பளப் பிள்ளைகளுக்கு. எங்களை விளையாட அனுப்பிடுவாங்க.”

இதைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. நான்கு வருடமாக மேடை மேடையாகச் சொல்கிறேன், சொல்லிக்கொண்டேதான் இருப்பேன். இந்த அரங்கில் கையில் ஊசியோடு இருக்கும் ஆண்களை எண்ணினேன். இரண்டு பேர். அதில் ஒருவர் மனைவியின் ஊசியைச் சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறார்.

பின்னல் என்றைக்குப் பெண்கள் வேலை ஆயிற்று? 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பின்னல் கைவினைஞர் சங்கங்களை நடத்தியவர்கள் ஆண்கள். பல வருடம் பயிற்சி எடுத்து, நுணுக்கமாகப் பின்னிக் காட்டினால்தான் உள்ளே சேர முடியும். பிரான்சின் லாண்ட் சதுப்பு நிலத்தில் ஆட்டிடையர்கள் மரக்கால் கட்டி நின்றுகொண்டு, ஆட்டையும் பார்த்துக்கொண்டு, கையால் பின்னிக்கொண்டிருந்தார்கள். முதல் உலகப் போரில் அமெரிக்கப் பள்ளிகளில் பையன்கள் வகுப்பில் உட்கார்ந்து வீரர்களுக்குப் பின்னினார்கள். காயம்பட்டு மருத்துவமனையில் கிடந்த வீரர்களே பின்னினார்கள். குண்டுக்கு முன்னால் நின்றவன் ஊசி பிடித்தால் குறைந்துபோகவில்லை, நம் பையன் குறைந்துபோய்விடுவானா? தலைப்பாகை வேண்டும் என்கிற தலைக்கு அதைப் பின்னத் தெரியக்கூடாதா?

தலைவர் மணியைத் தொடுகிறார். தெரிகிறது ஐயா. மூன்றாவது விஷயத்தைச் செயலாளர் அச்சடித்தே வைத்திருக்கிறார், எடுத்துக்கொள்ளுங்கள். வாசலருகே மேஜையில் ஆறு ஜோடி ஊசி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் இருபது கண்ணி ஏற்றி, தயாராக. ஆண்களுக்கு மட்டும், சகோதரிகள் தொட வேண்டாம். முதல் வரிசையைப் பின்னித் தொடங்கிவைக்கக் கர்னல் அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நான் இப்போது சொல்லித்தான் அவருக்கே தெரிகிறது. வணக்கம்.