சேற்றிலிருந்து திரும்பி வந்த உயிர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நெல் பயிரிடுகிறவர்களுக்குப் புகையானைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நெல்லின் அடித்தண்டில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி அது. பயிர் வட்டவட்டமாகக் கருகிக் கிடக்கும். 1985, 86-இல் இந்தோனேசியாவின் ஜாவாவில் வயல் வயலாக அப்படிக் கருகியது. அதற்குச் சற்று முன்புதான், 1984-இல், அந்த நாடு அரிசியில் தன்னிறைவு கண்டிருந்தது. பூச்சிமருந்து விலையில் பெரும்பங்கை அரசே ஏற்றது. உழவர்களும் விடாமல் அடித்தார்கள். அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது.

புகையான் முட்டையை இலையுறைக்குள் செருகி வைக்கும். மருந்து அங்கே எட்டாது. வெளியே திரியும் சிலந்தியும், அந்த முட்டையை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சியும்தான் சாகும். குஞ்சு பொரிக்கும்போது அதைத் தின்ன வயலில் யாரும் இருக்கமாட்டார்கள்.

1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளைத் தடைசெய்தார். 1989-இல் மானியமும் நின்றது. அதே ஆண்டு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. வாரம் ஒருநாள் வயலில் இறங்கி, எது எதைத் தின்கிறது என்று உழவர்களே பார்த்தார்கள். நெல் விளைச்சல் சரியவில்லை.

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நடவு முடிந்த புதிதில் வயலில் புகையான் மிகக் குறைவு. அப்போதே சிலந்திகள் ஏராளம். எதைத் தின்று பிழைத்தன? ஆய்வாளர்கள் விடையைச் சேற்றில் கண்டார்கள். மக்கும் வைக்கோலையும் எருவையும் நம்பி, தண்ணீரில் கடிக்காத கொசுவினங்களின் புழுக்கள் வளர்கின்றன. அவை இறக்கை முளைத்து எழும்பும்போது சிலந்திக்கு இரை. புகையான் பெருகும் முன்பே காவல்படை அங்கே வளர்ந்துவிடுகிறது. எரு கூடுதலாக இட்ட வயல்களில் இந்த உயிர்கள் இன்னும் பெருகின. நீண்ட கோடைத் தரிசு கிடந்த பகுதிகளில் அவை திரும்ப நாளானது.

ஆகவே நடவு செய்த முதல் வாரங்களில் மருந்து அடிப்பதுதான் பெரிய கேடு என்பது என் உறுதியான எண்ணம். அப்போது சாவது பூச்சி மட்டுமல்ல, அந்தப் பருவம் முழுவதற்குமான காவலும்தான். மருந்தை நிறுத்தினால் மட்டும் போதாது. தொழுவுரமோ, பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டோ சேற்றுக்குள் போகவேண்டும்.

நம் வேளாண் பரிந்துரையிலும் சிலந்திக்குக் கணக்கு உண்டு. ஓர் இடத்தில் நட்ட நாற்று வளர்ந்து நிற்கும் கொத்துதான் குத்து; அதிலுள்ள ஒவ்வொரு தண்டும் ஒரு தூர். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் என்றாலே நடவடிக்கை எடுக்கச் சொல்கிறார்கள். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். தெளிப்பானைத் தோளில் மாட்டும் முன் குத்தை விரித்து, அடித்தூரில் இரண்டையும் எண்ணிப் பாருங்கள். வணக்கம்.