அரசிக்கு வயதாகலாமா?

அவையோர்க்கு வணக்கம்.

நம்ம மதுரையில் காதணி விழா பிளக்ஸ் பார்க்காதவர் இருக்க முடியாது. தாய்மாமனுக்கு அறுபத்தைந்து தாண்டியிருக்கும். பிளக்ஸில் மீசை கருகருவென்று இருக்கும், கன்னத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. டிசைன் போடுகிற தம்பியிடம் யாரும் சொல்லக்கூட வேண்டியதில்லை, அவரே துடைத்துவிடுவார். (சிரிப்பு)

மாமாவைக் குறை சொல்லிப் பயனில்லை. இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத்துக்கும் இதே ஆசைதான். 1596-இல், அறுபதைத் தாண்டிய அந்த அரசியை அவலட்சணமாகக் காட்டும் படங்களை அழிக்கச் சொல்லி அவருடைய ஆலோசனை மன்றமே உத்தரவு போட்டது. 1600-ஐ ஒட்டி வரைந்த ஓவியம் ஒன்றில் அவர் கையில் வானவில்லோடு, வழவழவென்ற முகத்தோடு குமரிப்பெண்ணாக நிற்கிறார். அப்போது அவருக்கு எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது!

நானூறு வருஷம் கழித்து இரண்டாம் எலிசபெத். 2000 மே முதல் 2001 டிசம்பர் வரை லூசியன் ஃபிராய்டு என்ற ஓவியருக்கு முன்னால் அவ்வப்போது வந்து உட்கார்ந்தார். அரசிக்கு எழுபத்தைந்து, ஓவியருக்கு அவரைவிட மூன்று வயது கூட. கிழவரும் கிழவியும் எதிரெதிரே. படத்தின் உயரம் 23.5 சென்டிமீட்டர், அகலம் 15.2. பள்ளிக்கூட நோட்டு அளவுகூட இல்லை. அதற்குள் கனத்த தாடை, இறுக மூடிய உதடு, தொய்ந்த சதை. சாயத்தைக் கெட்டியாக அப்பியிருக்கிறார். மோவாயில் சவரம் செய்யாத ஆளுக்கு இருப்பதுபோல ஒரு கருநிழல்.

பத்திரிகைகள் விடுமா? ஃபிராய்டை லண்டன் கோட்டைச் சிறையில் அடைக்க வேண்டும் என்றுகூட எழுதினார்கள். அழகான படம் என்று நானும் வாதாட வரவில்லை. ஆனால் அவமதிப்பு என்பதை ஏற்கமாட்டேன். முதலில் படத்தில் கிரீடமே கிடையாது. தலைக்கு மேலே இடமும் இல்லை. பாதியில்தான் வைரக் கிரீடம் வேண்டும் என்று ஃபிராய்டுக்குத் தோன்றியிருக்கிறது. அதற்காகவே மேலே மூன்றரை சென்டிமீட்டர் துணியை ஒட்டுப் போட்டு வரைந்தார். அவமதிக்க நினைத்தவர் கிரீடத்துக்கு இடம் தேடுவாரா? அந்தக் கனத்தை இத்தனை வருஷம் சுமந்த கழுத்தையும் முகத்தையும்தான் கீழே காட்டியிருக்கிறார்.

இதற்கு லண்டன்வரை போவானேன்? நம்ம மீனாட்சியம்மன் கோயில் புது மண்டபத்துத் தூணில் திருமலை நாயக்கர் கைகூப்பி நிற்கிறாரே, அந்தத் தொந்தியைச் சிற்பி ஒளித்தானா? மண்டபத்தைக் கட்டியவரே அந்த ராஜாதான். அவர் காலத்திலேயே, அவர் கண் முன்னால் நின்ற சிலை அது. தொந்தியைக் கொஞ்சம் செதுக்கிக் குறை என்று அவர் சொல்லியிருந்தால் இன்று நாம் வேறு வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். லண்டனிலும் அப்படித்தான். ஃபிராய்டு காசு வாங்காமல் படத்தை அரசிக்கே கொடுத்தார், அவரும் வாங்கிக்கொண்டார். அரச குடும்பச் சேகரிப்பில் அது பத்திரமாக இருக்கிறது.