நாலு கிழமை விருந்தாளிகள்

எல்லோருக்கும் வணக்கம். 'கோடை முடிகிற நேரத்தில் குடும்பம்' என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். கொழும்பில் வைத்து இதைப் பேசச் சொன்னவருடைய துணிச்சலை முதலில் பாராட்ட வேண்டும். இங்கே எந்தக் கோடை, எப்போது முடிகிறது? வெயில் கொளுத்துவது மார்ச்சிலும் ஏப்ரலிலும். மே கடைசியில் தென்மேல் பருவக்காற்று வந்துவிடும். அதற்குப் பிறகு மழை, புழுக்கம், மறுபடி மழை. நாங்கள் இருப்பது பூமத்திய கோட்டிலிருந்து 7 பாகை வடக்கே. வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே ஒரு மணித்தியால வித்தியாசம்கூட இல்லை. லண்டனில் ஜூனில் பதினாறு மணித்தியாலத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் அது எட்டு மணித்தியாலத்துக்கு வந்துவிடும். கோடை முடிவது அவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது.

அப்படியிருந்தும் கொழும்புத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு கோடை உண்டு. அது லண்டனிலும் ரொறன்ரோவிலும் தொடங்கி வெள்ளவத்தையில் முடிகிற கோடை. ஒன்ராறியோவில் பள்ளிக்கூடங்கள் ஜூன் கடைசியில் பூட்டினால், செப்டெம்பர் முதல் திங்கட்கிழமை தொழிலாளர் தினம் கழிந்த பிறகுதான் திறக்கும். இங்கிலாந்தில் ஜூலை பிற்பகுதியிலிருந்து ஏறக்குறைய ஆறு கிழமை விடுமுறை. இந்த இடைவெளியில்தான் எங்கள் தொடர்மாடிகளின் லிஃப்ட் பெரிய பெட்டிகளால் நிறைகிறது. காலி வீதியில் தடித்த தோள்பையோடு, முகம் சிவந்து, ஓட்டோக்காரரிடம் ஆங்கிலத்தில் கணக்குக் கேட்கிற பிள்ளைகளைக் காண்கிறோம். ஆகஸ்ட் கடைசிக் கிழமையில் எல்லாம் ஒரேயடியாகக் கலைகிறது. நான் பேசப்போவது அந்தக் கடைசிக் கிழமையைப் பற்றியும், அதற்கு முன்னால் நாங்கள் செலவழித்த நாட்களைப் பற்றியும்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரிந்த கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 1983 கலவரத்துக்குப் பிறகு பிள்ளைகள் வெளிநாடு போனார்கள். பிறகு அவர்களுடைய பெற்றோர் ஊரைவிட்டுக் கொழும்புக்கு வந்தார்கள். சிலர் விசாவுக்காக வந்து காத்திருந்தார்கள். சிலருக்கு இங்கேதான் தொலைபேசி இருந்தது. வெள்ளவத்தையில் கொமியூனிகேஷன் கடைகளில் கண்ணாடிக் கூட்டுக்குள் நின்று, மீற்றரைப் பார்த்துக்கொண்டே மகனோடு கதைத்த தாய்மார் இந்த மண்டபத்திலும் இருப்பீர்கள். ஒலிநாடாவில் பேசிப் பதிந்து அனுப்பிய குடும்பங்களும் உண்டு. 2009இல் போர் முடிந்த பிறகு வரவு கூடியது. 2013இல் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு அதிவேகப் பாதை திறந்தது. 1990இல் நின்றுபோன ரயில் 2014இல் மறுபடி யாழ்ப்பாணம் போனது. இப்போது வருகிறவர்கள் நல்லூர்த் தேருக்குப் போய்விட்டுக் கொழும்புக்குத் திரும்பி, இங்கிருந்து விமானம் ஏறுகிறார்கள்.

சரி, வந்த பிள்ளைகளை நாங்கள் என்ன செய்கிறோம்?

ஒரு அட்டவணை போடுகிறோம். முதல்நாள் தெகிவளை மிருகக்காட்சிச்சாலை. அடுத்தநாள் மியூசியம். ஒருநாள் கண்டி, ஒருநாள் பின்னவல, ஒருநாள் நுவரெலியா. மிச்ச நாட்களெல்லாம் சொந்தக்காரர் வீடு. பெரியம்மா வீட்டில் மதியம், மாமா வீட்டில் இரவு. ஒரு வீட்டில் கோழிக்கறி என்றால் மற்ற வீட்டில் கோழிக்கறியும் நண்டும். பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது, "எங்கட வீட்டில மட்டும் சாப்பிடேல்லை" என்று ஒரு குறை எழும்பும். அது அடுத்த வருடம்வரை ஓடும். சூடு தாங்காது என்று ஏசி அறையில் வைத்திருக்கிறோம். தண்ணீர் போத்தலில்தான். குசினிக்குள் விடமாட்டோம்: "நீ போய் இரு ராசா, வேர்க்கும்."

வீட்டுக்கு வந்த பிள்ளையை விருந்தாளியாக்கி அனுப்பிவிடுகிறோம். எனக்கு இதில்தான் மனம் ஒப்பவில்லை.

காலிமுகத்திடல் நல்ல இடம்தான், மறுக்கவில்லை. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை அது. அங்கேயுள்ள கல்லில், கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணும்படி தனக்குப் பின் வருகிறவர்களுக்குப் பரிந்துரைத்திருக்கிறார். கடற்கரையில் இறால் வடை விற்கிறவரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும்போது அந்தக் கல்லை யார் வாசிக்கிறார்கள்? ஆகஸ்டில் அங்கே தென்மேல் காற்று நன்றாக வீசும். வானம் முழுக்கப் பட்டம். ஆனால் பாருங்கள், பிள்ளைக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். பக்கத்தில் நிற்கிற அப்பப்பாவுக்குப் பட்டம் என்றால் தைமாதம். வடகீழ்ப் பருவக்காற்று வீசுகிற காலம். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலன்று ஏறுகிற பட்டங்கள், கொக்குப்பட்டம், எட்டுமூலைப்பட்டம், பட்டத்தில் கட்டி இரவெல்லாம் கூவுகிற விண். ஒரே தீவில் ஒரு கரைக்கு ஜனவரியில் காற்று, மற்றக் கரைக்கு ஆகஸ்டில் காற்று. இதை அந்த மனிதர் சொல்லத் தொடங்கினால் பிள்ளை அரை மணித்தியாலம் வாயைப் பிளந்து கேட்கும். "அப்பா, நேரமாச்சு, அங்க மாமா வீட்டில பாத்துக்கொண்டிருக்கினம்" என்று அவரை நாங்கள்தான் ஏற்றிக்கொண்டு போகிறோம்.

வெளிநாட்டுக்குத் திரும்பிப் போன பிள்ளைகளிடம், வளர்ந்த பிறகு, கொழும்பில் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். மிருகக்காட்சிச்சாலை யானையை ஒருவரும் முதலில் சொல்லவில்லை. வாளியில் தண்ணீர் அள்ளிக் குளித்ததைச் சொல்வார்கள். நுளம்புவலைக்குள் நாலு மச்சான் மச்சாள்மார் ஒன்றாகப் படுத்ததைச் சொல்வார்கள். கடற்கரை ரயில் போகும்போது யன்னல் அதிர்வதைச் சொல்வார்கள். ஒரு பெண்பிள்ளை சொன்னது சூன் பாண், அதாவது பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டோவில் வந்து விற்கிற பாண். அந்த ஓட்டோ ஒழுங்கைக்குள் வரும்போது ஒலிபெருக்கியில் ஓடுவது பீத்தோவனுடைய பியானோ மெட்டு. அவள் லண்டனில் வாத்தியாரிடம் அடிவாங்காத குறையாகப் படித்துக்கொண்டிருந்த அதே மெட்டு! விடியற்காலை அது படலையடிக்கு வருகிறது, வீட்டில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை, அம்மம்மா சில்லறையை எடுத்துக்கொண்டு கீழே போகிறா. இந்த வீட்டு மனிதரைப் பற்றி அவளுக்கு மதிப்பே கூடிப்போனதாம். அவளுடைய தாய் அவளைக் கூட்டிக்கொண்டு திரிந்த இடங்களின் பட்டியலில் இது எங்கே இருந்தது?

2022 ஆகஸ்டில் வந்தவர்கள் குறைவு. பொருளாதார நெருக்கடி, பெற்றோல் வரிசை, மின்வெட்டு, யார் வருவார்கள்? துணிந்து வந்த சில குடும்பங்களை எனக்குத் தெரியும். கார் ஓடாததால் அட்டவணை போட முடியவில்லை. இரவில் கரண்ட் போனால் எல்லோரும் பல்கனிக்கு வர வேண்டியதுதான். அந்தப் பிள்ளைகளுக்குத்தான் தங்கள் தாத்தாவுடைய தமையன்மார் எத்தனை பேர், யார் யாரோடு கோபம், ஏன் கோபம் என்றெல்லாம் தெரியும். மின்வெட்டை வரவேற்கிறேன் என்று நாளைக்கு யாரும் எழுதிவிடாதீர்கள்.

இனி குசினிக்கு வருவோம். நான் மெதுவாகப் பேச விரும்புகிற இடம் இதுதான்.

பிட்டு அவிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி மாவை வறுக்க வேண்டும். சுடுதண்ணீர் விட்டுக் குழைக்க வேண்டும். எவ்வளவு தண்ணீர் என்று அம்மம்மாவிடம் கேட்டால் "மா கேக்கிற அளவு" என்பா. பால்பேணியால் மா அளப்பா, தண்ணீரைக் கையால்தான் அளப்பா. பிறகு உதிரி உதிரியாகக் கொத்த வேண்டும், தேங்காய்ப்பூ கலந்து நீத்துப்பெட்டியில் போட்டு ஆவி வரும்வரை நிற்க வேண்டும். இந்த அறிவை எந்தக் காணொளியும் முழுதாகத் தராது, ஏனென்றால் மாவின் பதம் விரலுக்குத்தான் தெரியும். பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுப் பத்து வயதுப் பிள்ளையை ஏற்றி விடுங்கள். மா சிந்தும். சிந்தட்டும். "கிண்டு", "அரி", "அதை இங்க தா", "கை சுடும், பார்" என்று அம்மம்மா சொல்லச் சொல்ல, தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை தன்னையறியாமல் "இது காணுமா அம்மம்மா?" என்று கேட்கும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அங்கே யாரும் பிள்ளையிடம் தேங்காய் துருவித் தா என்று கேட்பதில்லை.

ஜூலை நடுவில் வந்துவிடுகிற கனடாப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதி உண்டு. ஆடி முதலாம் திகதி அவர்கள் இங்கே இருப்பார்கள். ஆடிக்கூழுக்குப் பயறு வறுக்கிற மணம், பனங்கட்டி கரைகிற நிறம், கூழுக்குள் போட உருட்டுகிற மாவுருண்டை. உருட்டுகிற வேலை பிள்ளைகளுக்கென்றே வைத்தது போல இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் வரும், கூழ் கோபிக்காது.

இதைச் சொன்னால் ஒரு எதிர்ப்பு வரும், எனக்குத் தெரியும். "வாறதே நாலு கிழமை. அதிலையும் வேலை வாங்கிறதோ?" நியாயமான கேள்வி. இதில் எனக்கு ஒரு தனிக் கவலையும் இருக்கிறது. குசினி என்றதும் அங்கே போய் நிற்கப்போவது லண்டனிலிருந்து வந்த மருமகள். வருடம் முழுக்க வேலைக்கும் போய்ச் சமைத்தும் களைத்தவள், இங்கே வந்து இருபது பேருக்குச் சமைக்கிறாள். ஆண்கள் பேப்பர் வாங்கவென்று காலி வீதிக்குப் போனால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார்கள். ஆகவே நான் கேட்பது பெண்களின் வேலையைக் கூட்டச் சொல்லியல்ல. கோழி, நண்டு, றால் மூன்றும் வேண்டாம், பிட்டும் சொதியும் ஒரு சம்பலும் போதும். பேரனும் தேங்காய் துருவட்டும், பேரனின் தகப்பனும் துருவட்டும். மாமா வீட்டிலும் விருந்து கேட்காதீர்கள், அங்கே போய் அவர்கள் அன்றைக்குச் சாப்பிடுகிறதைச் சாப்பிடுங்கள்.

அடுத்தது படங்கள். எங்கள் வீடுகளில் பழைய அல்பங்கள் எத்தனை இருக்கின்றன? கொழும்பில் 1983 ஜூலையில் எரிந்தது எவ்வளவோ. 1995 ஒக்டோபர் கடைசியில், போருக்குள், யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது அலுமாரியில் விட்டுவந்தது எவ்வளவோ. கல்யாணப் படம் இல்லாத தாத்தா பாட்டிமார் இருக்கிறார்கள். அப்படியான வீட்டில் அந்த மனிதர்களுடைய பேச்சுத்தான் அல்பம். பேச வையுங்கள். ஆனால் ஒன்று, துயரக் கதையை மட்டும் கேட்காதீர்கள். பிள்ளைகள் அதைப் பல இடங்களில் கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும். கிணறு வீட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தது, துலாவா கப்பியா, மாமரம் கறுத்தக்கொழும்பானா வெள்ளைக்கொழும்பானா, காலையில் முதலில் எழும்புவது யார், ரேடியோவில் 'பொங்கும் பூம்புனல்' போகும்போது என்ன வேலை நடந்தது, இதையெல்லாம் கேளுங்கள். தன் அம்மம்மாவும் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி ஓடின சின்னப் பெட்டைதான் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

கடைசிக் கிழமை பெட்டி கட்டுகிற கிழமை. கூடத்தின் நடுவில் தராசு. ஒடியல்மா, புழுக்கொடியல், பருத்தித்துறை வடை, மோர்மிளகாய் எல்லாம் கதிரைகளில் வரிசையாக இருக்கும். இறைச்சியும் பால் பொருட்களும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள், ஆகவே நெய்யைப் பற்றி ஒரு சண்டை வருடாவருடம் நடக்கும். இந்தக் கிழமையில் பிள்ளைகளுக்கு உகந்த வேலை ஒன்று இருக்கிறது. தூளுக்குச் செத்தல் மிளகாயும் மல்லியும் சீரகமும் பெருஞ்சீரகமும் வெந்தயமும் கறிவேப்பிலையும் வீட்டில் தனித்தனியாக வறுத்து, மில்லுக்கு எடுத்துப்போகும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். தும்முவார்கள். கண் எரியும். லண்டன் குசினியில் அந்தப் போத்தலைத் திறக்கும்போது அது கடையில் வாங்கிய தூளாக இருக்காது.

பிறகு வீடு வெறுமையாகிவிடும். அதைப் பற்றி நான் உருகிப் பேசப்போவதில்லை, இங்கே இருக்கிற பாதிப் பேருக்கு அதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக மணிக்கூட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

இப்போது லண்டனுக்கும் எங்களுக்கும் 4½ மணித்தியால வித்தியாசம். ரொறன்ரோவுக்கு 9½. ஒக்டோபர் கடைசி ஞாயிறு லண்டன்காரர் மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு கனடாக்காரர் தள்ளுவார்கள். இரண்டு இடமும் எங்களிடமிருந்து இன்னும் ஒரு மணித்தியாலம் விலகும். லண்டனில் நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து எடுக்கிற கோல் இப்போது இங்கே எட்டரைக்கு வருகிறது, அப்போது ஒன்பதரைக்கு வரும். அம்மம்மா நித்திரை தூங்கிக்கொண்டே "சாப்பிட்டாச்சோ? என்ன சாப்பிட்டனீ? சரி வையடா" என்பா. வீட்டுக்கு வீடு வட்ஸ்அப்பில் நடக்கிற உரையாடல் இதுதான்.

அந்த நேரத்தை மாற்றுங்கள். ரொறன்ரோவில் சனி இரவு ஒன்பது என்றால் எங்களுக்கு ஞாயிறு காலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. பிட்டு அவிக்கிற நேரம். போனை உப்புப் போத்தலில் சாத்தி வைத்துவிட்டு, வேலையைப் பார்த்துக்கொண்டே கதையுங்கள். பிள்ளை அங்கே படம் கீறிக்கொண்டிருக்கட்டும், அல்லது பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கட்டும். கேள்வியும் பதிலுமாக நடத்த வேண்டாம். லண்டன் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை பத்து மணி, எங்களுக்குப் பின்னேரம் இரண்டரை. அது கொஞ்சம் சங்கடமான நேரம், கிழவன்மார் படுக்கிற நேரம், அதற்கு என்ன செய்வதென்று நீங்கள்தான் வீட்டுக்கு வீடு பார்க்க வேண்டும்.

என் நேரம் முடிந்துவிட்டது. முன்வரிசையில் ஒரு அம்மா நான் மருமகளைப் பற்றிச் சொன்னதிலிருந்து கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறா. தம்பி, மைக்கை முதலில் அவவிடம் கொடுங்கோ.