சாதுவான நாய் தேடுகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வயதானவர்கள் இருக்கிறார்கள், சாதுவான நாயாக ஒன்று சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்பவர்கள் நிறைய. எல்லாரும் எதிர்பார்ப்பது ஓர் இனத்தின் பெயரைத்தான். லேப்ரடார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த வாரமே குட்டி வந்துவிடும். அப்புறம் ஒரு வருடம் கழித்து அதே ஆள், "சொன்ன பேச்சே கேட்க மாட்டேன் என்கிறது, யாராவது எடுத்துக்கொள்வார்களா" என்று விசாரிப்பதையும் பார்த்திருக்கிறேன். அது எனக்கு ரொம்ப வலிக்கும் விஷயம். அதனால்தான் இன்று பேச வந்தேன்.

லேப்ரடாரும் கோல்டன் ரிட்ரீவரும் தங்கமான குணம் உள்ளவை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வேட்டையில் சுட்டு விழுந்த பறவையைத் தண்ணீரிலும் புதரிலும் தேடிப்போய்க் கவ்வி வருவதற்காக வளர்த்தெடுத்த இனங்கள் இவை. நாள் முழுக்க ஓடத் தாங்கும் உடம்பு, எதையாவது கவ்விக்கொண்டே இருக்க ஆசைப்படும் வாய். எங்கள் வீட்டு கோல்டன் முதல் இரண்டு வருடம் செருப்பு, தலையணை, பள்ளிப்பை எதையும் விட்டுவைக்கவில்லை, மூன்றாவது வயதில்தான் எல்லாரும் புகழும் அந்த அமைதி அதற்கு வந்தது. அந்த இரண்டு வருடத்துக்குப் பொறுமை இருந்தால் தாராளமாக வாங்குங்கள்.

கிரேஹவுண்டைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். மணிக்கு 70 கிலோமீட்டர் வரை ஓடக்கூடிய நாய், வீட்டுக்குள் வந்தால் மெத்தையைத் தேடிப் படுத்துக்கொள்ளும், அதிகம் குரைக்காது. பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்றவற்றைத் தத்தெடுத்த குடும்பங்கள் இதை ஆசையாகச் சொல்வார்கள். ஆனால் பூனையோ முயலோ கண்ணில் பட்டால் துரத்திவிடும், அதனால் வெளியே கூட்டிப்போகும்போது கயிற்றை விடவே கூடாது. பாசெட் ஹவுண்டும் நிதானமானது, பிள்ளைகளோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். மோப்பம் பிடித்துவிட்டால் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் விழாது, அந்த நீளக் காதுகளை அடிக்கடி சுத்தம் செய்யாவிட்டால் புண் வந்துவிடும். நியூஃபவுண்ட்லாந்து என்ற இனம் உருவத்தில் பூதம், குணத்தில் மென்மை, எச்சில் வடிவதும் முடி கொட்டுவதும் பரவாயில்லை என்றால் சரி.

இப்போது நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியது பக், புல்டாக் மாதிரியான தட்டை முக நாய்களைப் பற்றி. இவை அமைதியாக ஒரே இடத்தில் கிடக்கின்றன என்று நிறையப் பேர் விரும்பி வாங்குகிறார்கள். மூக்கு குறுகிப்போனதால் பலவற்றுக்கு மூச்சே சரியாக விட முடிவதில்லை, பத்து நிமிடம் விளையாடினால் திணறும், வெயிலில் உயிருக்கே ஆபத்து. குறட்டை விடுவதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம், அது காற்றுக்காகத் தவிக்கிற சத்தம். கவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் மடியில் உட்கார்ந்தே வாழ்நாளைக் கழித்துவிடும், அவ்வளவு பிரியமான நாய், ஆனால் இதய வால்வு நோய் அந்த இனத்தில் மிகச் சாதாரணம். அந்த இனத்தை அதற்குள்ளேயே இணைசேர்ப்பது விலங்கு நலச் சட்டத்துக்கு எதிரானது என்று நார்வே உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பே சொல்லிவிட்டது. குட்டியின் தாய் தந்தைக்கு இதயப் பரிசோதனை செய்தார்களா என்று கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

சரி, இனத்தைப் பார்த்துவிட்டால் குணம் தெரிந்துவிடுமா? 2022-இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 18,000-க்கும் அதிகமான நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடமே கேட்டு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்தார்கள். ஒவ்வொரு நாய்க்கும் இடையே நடத்தையில் இருக்கும் வித்தியாசத்தில் ஏறக்குறைய 9 சதவீதத்தைத்தான் இனத்தை வைத்து விளக்க முடிந்ததாம். மீதியெல்லாம் அந்தந்த நாயின் பிறப்பு, வளர்ப்பு, அனுபவம். எனக்கு இது ஆச்சரியமாகவே இல்லை, ஒரே பிரசவத்தில் பிறந்த நான்கு குட்டிகளை வளர்த்தவர்களுக்கு இது முன்பே தெரியும்.

அதனால் குட்டிதான் வேண்டுமென்றால் முதலில் தாய் நாயைப் பாருங்கள். நீங்கள் உள்ளே போனதும் அது பதுங்குகிறதா, உறுமுகிறதா, வாலாட்டிக்கொண்டு வந்து மோந்து பார்க்கிறதா? தாயையே காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை குட்டி பழகுகிற மனிதர்கள், கேட்கிற சத்தங்கள்தான் பின்னாளில் அதன் பயத்தையும் நிதானத்தையும் பெரிய அளவில் தீர்மானிக்கும், அந்த வாரங்களைக் கூண்டிலேயே கழித்த குட்டிக்கு வீடே மிரட்சியாக இருக்கும்.

என்னைக் கேட்டால், மூன்று நான்கு வயதான நாயைக் காப்பகத்திலிருந்து எடுங்கள், கலப்பினமாக இருந்தாலும். அதன் குணம் அப்போது கண்ணுக்கு முன்னால் தெரியும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இரண்டு மூன்று தடவை போய், தரையில் உட்கார்ந்து, அதுவாக வரும்வரை காத்திருங்கள்.

இன்னொன்று. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பது நாய்க்கும் பொருந்தும். பிள்ளை கட்டிப்பிடிக்கும்போது நாய் முகத்தைத் திருப்புவது, உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது எல்லாம் "போதும், விடு" என்பதற்கு அது சொல்லும் வார்த்தைகள். உறுமினால் அதட்டாதீர்கள், பிள்ளையை நகர்த்துங்கள். அதட்டி அதட்டி உறுமலை நிறுத்திய நாய், அடுத்த முறை எச்சரிக்காமலே கடித்துவிடலாம். பிள்ளைகளைக் கடிப்பது பெரும்பாலும் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த நாய்தான். நாய் வருவதற்கு முந்தின நாளே ஒரு மூலையில் அதன் படுக்கையைப் போட்டுவிட்டு, அங்கே அது படுத்திருக்கும்போது யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.

வணக்கம்.