டி லா சோல் திரும்பி வந்துவிட்டார்கள்

வணக்கம் நேயர்களே. இன்று நான் பேசுவதாகச் சொல்லியிருந்த விஷயம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. டி லா சோல் என்ற அமெரிக்க ராப் குழுவின் 'கேபின் இன் தி ஸ்கை' இசைத்தட்டு ஒருவழியாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்துக்கு, என் வீட்டுக்கு, வந்து சேர்ந்துவிட்டது. 2025 நவம்பர் 21 அன்று இந்த ஆல்பம் வெளியானதும் இணையத்தில் கேட்டுவிட்டேன் என்றாலும், மனத்துக்குப் பிடித்ததைத் தட்டாக வாங்காமல் நான் விடுவதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். தட்டின் விலையைக் கட்டினேன், கப்பல் கூலியைக் கட்டினேன். அதற்கு மேல் 15 விழுக்காடு வாட் வரி. அதுகூட நாட்டுச் சட்டம், நியாயம். ஆனால் அந்த வரியை எனக்காகக் கட்டிக் கொடுத்ததற்கென்று கூரியர் நிறுவனம் தனியாக ஒரு கட்டணம் கேட்டதே, அதுவும் வரியைவிட அதிகமாகக் கேட்டதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இத்தனையும் வாங்கிக்கொண்டு, அட்டையின் கீழ்மூலை மடங்கிய நிலையில் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இதோ, கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன், பாருங்கள்: மடிப்பின் மேல் வண்ணம் உரிந்து வெள்ளைக் காகிதம் தெரிகிறது. நல்ல வேளையாக, உள்ளே இருக்கும் தட்டில் ஒரு கீறலும் இல்லை.

இனி இசைக்கு வருவோம். குழுவின் மூவரில் ஒருவரான டேவ், 2023 பிப்ரவரி 12 அன்று மறைந்தார். அதற்குப் பிறகு மற்ற இருவரான போஸ்ட்னுவோஸும் மேசியோவும் வெளியிடும் முதல் ஆல்பம் இது. தொடக்கத்தில் நடிகர் ஜியான்கார்லோ எஸ்பசிட்டோ பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுப்பதுபோல் ஒவ்வொரு பெயராக அழைக்கிறார். டேவின் பெயருக்கு மட்டும் பதில் வருவதில்லை. அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆனால் அதன் பிறகு வரும் பாட்டுகள் துள்ளுகின்றன. பீட் ராக் இசையமைத்த 'த பேக்கேஜ்' ஒலிக்கும்போது கால் தானாகவே தாளம் போடுகிறது. டேவ் முன்பே பதிவுசெய்து வைத்திருந்த குரலும் சில பாட்டுகளில் வருகிறது. அதை ஒப்பாரியாக்காமல், பக்கத்தில் நின்று பாடுகிறவரின் குரலாகவே கலந்திருக்கிறார்கள். நம் வீடுகளில் பதினாறாம் நாள் படையலில் இறந்தவருக்குப் பிடித்த பலகாரத்தை வைத்துவிட்டு, அவர் செய்த குறும்புகளைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போமே, அந்த மனநிலைதான் இந்த ஆல்பம் முழுவதும் நிறைந்திருக்கிறது.

துக்கம் என்றாலே மெதுவான பியானோவும் முனகலும்தான் என்று நினைக்கும் இன்றைய ராப் இசை எனக்கு அறவே பிடிக்காது. உற்சாகமாகப் பாடுகிறவர்களுக்கு ஆழம் இல்லை என்று சொல்கிறவர்கள், இந்த 20 தடங்களையும் வரிசை மாற்றாமல் ஒருமுறை கேட்டுவிட்டு வந்து என்னிடம் பேசட்டும்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன், அது முக்கியமானது. 1989இல் வெளிவந்த இவர்களுடைய முதல் ஆல்பத்தில் பழைய பாட்டுகளிலிருந்து எடுத்த துணுக்குகள் ஏராளம். அவற்றில் ஒன்றுக்காக டர்டில்ஸ் என்ற பழைய ராக் குழுவினர் வழக்குத் தொடுத்தார்கள். அத்தகைய உரிமைச் சிக்கல்களாலும் இசைத்தட்டு நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தத் தகராறாலும் இவர்களுடைய புகழ்பெற்ற ஆல்பங்கள் பல ஆண்டுகள் இணைய இசைச் சேவைகளுக்கு வரவே இல்லை. 2023 மார்ச் 3 அன்று அவை வந்தபோது, டேவ் இறந்து மூன்று வாரங்கூட ஆகியிருக்கவில்லை. 2016இல் வந்த ஆல்பத்துக்கோ, பெரிய நிறுவனம் எதையும் நாடாமல், ரசிகர்களிடமே 6 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். இப்போது வந்திருப்பதும் மாஸ் அப்பீல் என்ற சுயாதீன நிறுவனத்தின் வழியாகத்தான். இவ்வளவு இழந்தவர்கள் கசப்பில்லாமல் பாடுகிறார்கள் என்பதற்காகவே நான் இவர்களைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறேன்.

குறை இல்லாமல் இல்லை. ஆல்பம் ஒரு மணி நேரத்தையும் தாண்டி நீள்கிறது. பின்பாதியில் இரண்டு மூன்று பாட்டுகளைக் குறைத்திருக்கலாம். நாஸ், கியூ-டிப், பிளாக் தாட் என்று விருந்தாளியாக வந்து பாடும் ராப் கலைஞர்களும் அதிகம். எனக்குப் போஸ்ட்னுவோஸின் குரலே போதும். இருந்தாலும் வாங்குங்கள். தட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள், கூரியர் கட்டணம் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, அதன் பிறகு பணத்தைக் கட்டுங்கள்.