சார்லி ராபர்ட்ஸும் ஒரு பலகையும்

தலைவர் அவர்களே, "சுருக்கமாக" என்று சீட்டு அனுப்பியிருக்கும் செயலாளர் அவர்களே, இரண்டு கோப்பைகளையும் சொந்தச் செலவில் வாங்கித் தந்த ஒன்றியப் பெருந்தலைவர் அவர்களே (நன்றாகக் கைதட்டுங்கள், அடுத்த வருடமும் தரணும்), வெயிலில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, வணக்கம்.

அந்தக் காலத்து இங்கிலாந்துக் கால்பந்து வீரர் சார்லி ராபர்ட்ஸைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: ஆட்டம், முழங்காலுக்கு மேலே அவர் போட்ட கால்சட்டை, சங்கம். 1883-ல் டார்லிங்டனில் பிறந்தவர், 1904-ல் கிரிம்ஸ்பியிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட் கிளப்புக்கு வந்த சென்டர் ஹாஃப், அதாவது அணியின் நடுவில் ஆடுபவர், கேப்டனாக 1908, 1911 லீக் பட்டங்களும் இங்கிலாந்துக் கால்பந்து சம்மேளனத்தின் 1909 எஃப்.ஏ. கோப்பையும் வென்றவர். அப்படிப்பட்டவருக்கு இங்கிலாந்து அணியில் மூன்றே ஆட்டம், மூன்றும் 1905-ல். 1907-ல் ஆட்டக்காரர் சங்கம் வந்த பிறகு ஒன்றுகூட இல்லை. நீங்களே யோசியுங்கள்.

சம்பளம்? வாரத்துக்கு 4 பவுண்டுதான் உச்சவரம்பு, மைதானம் நிரம்பி வழிந்தாலும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது! 1907-ல் அதே கிளப்பின் தாமஸ் பிளாக்ஸ்டாக் ரிசர்வ், அதாவது இரண்டாம் அணி ஆட்டத்தில் சரிந்து விழுந்து இறந்தார். அந்த டிசம்பரில் மான்செஸ்டரில் ஒரு ஹோட்டலில் கூடி, அதே அணியின் பில்லி மெரிடித்தும் ராபர்ட்ஸும் மற்றவர்களும் ஆட்டக்காரர் சங்கம் ஆரம்பித்தார்கள்.

1909 கோடை. சங்கத்தை விடு, இல்லையென்றால் தடை என்றது கால்பந்து சம்மேளனம். ஊரெல்லாம் கையெழுத்துப் போட்டு விலகியது, யுனைடெட்காரர்கள் மட்டும் அசையவில்லை. கிளப் மைதானம் கிடையாது, சம்பளம் கிடையாது, சரி என்று வேறிடத்தில் பயிற்சி. எவர்ட்டன் என்ற வேறு கிளப்பிலிருந்து டிம் கோல்மன் வந்து சேர்ந்தார், எவ்வளவு துணிச்சல் பாருங்கள். போட்டோக்காரர் வந்ததும் ராபர்ட்ஸ் ஒரு பலகையை எடுத்து, "ஒதுக்கப்பட்டவர்கள் கால்பந்து கழகம், 1909" என்று எழுதி முன்னால் வைத்துவிட்டு, நடுவில் கம்பீரமாக உட்கார்ந்துகொண்டார்! திட்டினவன் வாயாலேயே பெயர் வாங்கி சட்டையில் குத்திக்கொண்ட மாதிரி. சீசன் தொடங்கும் தறுவாயில் சம்மேளனம் இறங்கிவந்து தடையை நீக்கியது. சம்பள உச்சவரம்பு மட்டும் 1961 வரை போகவில்லை. 1913-ல் அவரை ஓல்டமுக்கு விற்றார்கள், பணம் கிளப்புக்கு. உழுதவன் கணக்குப் பார்த்தால்... நீங்களே முடியுங்கள்.

கால்சட்டைக்கு நேரமில்லை, செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பணத்துக்கு ஆடும் ஒவ்வொருவருக்கும் காயம் பட்டால் சிகிச்சைச் செலவும் சம்பளமும் தரவேண்டும் என்று மனு எழுதியிருக்கிறோம், கோப்பை வைத்திருக்கும் மேஜையில் இருக்கிறது. பெருந்தலைவர் அவர்களே, முதல் கையெழுத்து உங்களுடையது. பேனா இருக்கிறதா?